தேய்த்தல்

தேய்த்தல் என்பது ஒரு பொருளை மற்றொன்றின் மீது அழுத்தி நகர்த்தி அதன் மேற்பரப்பைக் குறைக்கும் செயல். தானே குறைவது தேய்தல், குறைப்பது தேய்த்தல். தேய்க்கும் பொருள் தேய்படும் பொருளைவிடக் கடினமாக இருந்தால் வேலை விரைவாக நடக்கும். பொறுமை இருந்தால் எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பது பழமொழி.

சொற்கள்

தமிழில் இச்செயலுக்குத் தொழில்தோறும் தனிச் சொல் உண்டு. மாவும் மிளகாயும் அரைபடும். சந்தனக்கட்டையைக் கல்லில் இழைப்பார்கள். தச்சர் இழைப்புளியால் பலகையை இழைப்பார். இரும்பை அரத்தால் அராவுவார்கள். பொன்னின் மாற்றறியக் கட்டளைக்கல்லில் உரைப்பார்கள். பாத்திரம் துலக்குவது, கத்தி தீட்டுவது, மணிக்குப் பட்டை தீட்டுவது, நகைக்கு மெருகேற்றுவது ஆகிய எல்லாவற்றிலும் உராய்வு பயனாகிறது. பயனின்றித் தேய்ந்த கருவியை மழுங்கியது என்கிறோம். தேய்ந்து வழவழப்பான அம்மியில் மசாலா அரைபடாது; உளியால் கொத்திச் சொரசொரப்பை மீட்க வேண்டும்.

பழமை

கல்லைக் கல்லில் தேய்த்து வழவழப்பாக்கிய கோடரிகள் புதிய கற்காலத்தின் அடையாளம். திருப்பத்தூர் மாவட்டத்துப் பையம்பள்ளியில் அக்கால மக்கள் வாழ்ந்த தடயங்கள் அகழ்ந்தெடுக்கப்பட்டன. திருக்குறளில் அரம் மூன்று இடங்களில் உவமையாகிறது. 567-ஆம் குறளிலும் 888-ஆம் குறளிலும் அது வலிமையைத் தேய்ப்பது; 997-ஆம் குறளில் அறிவுக் கூர்மைக்கு ஒப்பு. ஒரே கருவியில் அழிவையும் கூர்மையையும் வள்ளுவர் கண்டார். 505-ஆம் குறளில் மனிதரின் செயலே அவர்களை உரைத்துப் பார்க்கும் கட்டளைக்கல்.

குருந்தம்

தேய்ப்புக் கற்களில் தமிழுக்கு நெருங்கியது குருந்தம். அலுமினியமும் ஆக்சிஜனும் சேர்ந்த இக்கனிமம், 1812-இல் ஃபிரெடரிக் மோஸ் வகுத்த கடினத்தன்மை அளவில் வைரத்துக்கு அடுத்ததாக 9-ஆம் இடம் பெற்றது. சிவப்பாக இருந்தால் மாணிக்கம், நீலமாக இருந்தால் நீலமணி. நிறமும் ஒளியும் குன்றியது சாணைக்கு. இதன் பொடியை அரக்கில் குழைத்துச் செய்த சாணைச் சக்கரத்தில் இந்திய மணிவினைஞர் மணிகளுக்குப் பட்டை தீட்டினர். நாமக்கல் மாவட்டம் சித்தம்பூண்டிப் பகுதிப் பாறைகளில் இக்கல் கிடைக்கிறது.

இந்தியாவிலிருந்து சென்ற மாதிரிகளை ஆராய்ந்த சார்லஸ் கிரெவில், 1798-இல் இலண்டன் ராயல் கழக இதழில் இக்கல்லைப் பற்றி எழுதினார். குருந்தம் என்ற சொல்லே ஆங்கிலத்தில் 'கொரண்டம்' ஆனது.

தொழிற்சாலைக் காலம்

1891-இல் அமெரிக்கர் எட்வர்ட் அச்செசன் களிமண்ணையும் கரித்தூளையும் மின்சாரத்தால் சூடேற்றியபோது கடினமான படிகங்கள் உருவாயின. கார்பனும் கொரண்டமும் சேர்ந்தவை எனக் கருதி 'கார்போரண்டம்' என்று பெயரிட்டார். அவை உண்மையில் சிலிக்கன் கார்பைடு. பெயர் மட்டும் நிலைத்தது. தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் 'வாட்டர் பேப்பர்' பெரும்பாலும் இப்பொருளால் ஆனது. தச்சர் கையிலுள்ள உப்புத்தாள் இதற்கு மூத்த உறவு.

1954-இல் முருகப்பா குழுமம் அமெரிக்க, பிரிட்டன் நிறுவனங்களுடன் கூட்டாகச் சென்னையில் கார்போரண்டம் யுனிவர்சல் நிறுவனத்தைத் தொடங்கியது. சாணைக்காரரின் குருந்தம் கடல் கடந்து, வேற்றொலி பூண்டு, ஆலையின் பெயர்ப்பலகையில் ஊர் திரும்பியது. வாய்தோறும் தேய்ந்தும் அச்சொல்லின் வேர் அழியவில்லை.