சுரையா, சுஹைல், இப்னு மாஜித்



நமது ஊர்களில் பெண் பிள்ளைக்குச் சுரையா என்றும் ஆண் பிள்ளைக்குச் சுஹைல் என்றும் பெயர் வைக்கிறோம். இரண்டுமே நட்சத்திரப் பெயர்கள். சுரையா என்பது கார்த்திகைக் கூட்டம். சுஹைலைத் தமிழில் அகத்தியர் நட்சத்திரம் என்பார்கள். அறபு மாலுமிகளுக்கு இவை திசைகளின் பெயர்களாகவும் இருந்தன.

அடிவானத்தை 32 பங்காக வகுத்து, அங்கங்கே உதிக்கும், மறையும் நட்சத்திரங்களின் பெயரை அவற்றுக்கு வைத்தார்கள். கிழக்கு என்றால் 'தாயிர் உதிக்குமிடம்', மேற்கு என்றால் 'தாயிர் மறையுமிடம்'. இன்று விஞ்ஞானப் புத்தகங்களில் அல்டயர் என்று இருப்பது அதுதான்.

இது திசைக்கு. வடக்கே எவ்வளவு தூரம் வந்துவிட்டோம் என்று அறிய 'கமால்' இருந்தது. ஒரு சின்னப் பலகை, அதன் நடுவில் முடிச்சுகள் போட்ட ஒரு கயிறு, அவ்வளவுதான். கயிற்றைப் பல்லில் கடித்துக்கொண்டு, பலகையின் கீழ்விளிம்பை அடிவானத்தில் வைத்து, மேல்விளிம்பு துருவ நட்சத்திரத்தைத் தொடுகிறதா என்று பார்ப்பார்கள். எந்த முடிச்சில் தொடுகிறதோ அதை வைத்துத் துறைமுகத்தைக் கணிப்பார்கள். அளவின் பெயர் 'இஸ்பஃ', அதாவது விரல். முழு வட்டத்துக்கு 224 விரல். நமது தீவுப் பக்கம் துருவ நட்சத்திரம் மிகத் தாழ்ந்து நிற்கும். அது கண்ணுக்கு அகப்படாதபோது, அதற்கு அருகிலுள்ள ஃபர்கதான் என்ற இரண்டு நட்சத்திரங்களை அளந்தார்கள்.

மேகம் மூடிய இரவில்? பைலக் அல்கிப்ஜாகி என்பவர் 1242இல் சிரியக் கரையின் திரிப்போலியிலிருந்து அலெக்சாந்திரியாவுக்குப் போன பயணத்தை எழுதியிருக்கிறார். நட்சத்திரம் தெரியாத இரவில் மாலுமிகள் ஒரு பாத்திரத் தண்ணீரில் காந்த ஊசியை மிதக்கவிட்டுத் திசை பார்த்தார்களாம். இந்து சமுத்திரத்தில் ஓடியவர்கள் ஊசிக்குப் பதிலாக உள்ளே பொள்ளலான இரும்பு மீனை மிதக்கவிட்டார்கள் என்றும் சொல்கிறார்.

இந்த அறிவையெல்லாம் 1490ஆம் ஆண்டளவில் 'கிதாபுல் ஃபவாயித்' என்ற நூலில் திரட்டித் தந்தவர், இன்றைய ராஸ் அல்கைமாவிலிருந்த ஜுல்ஃபாரைச் சேர்ந்த அஹ்மத் இப்னு மாஜித். வாப்பாவும் மூத்தவாப்பாவும் கப்பல் வழிகாட்டிகள்.

ஆனால் நம்மில் பலருக்கு அவரைத் தெரிந்திருப்பது வேறு விதமாக: 1498இல் மாலிந்தியிலிருந்து வாஸ்கோ ட காமாவுக்கு வழிகாட்டியவர், நம் முன்னோரைக் கரையோரத்திலிருந்து விரட்டிய போர்த்துக்கேயருக்குக் கடலைத் திறந்துவிட்டவர் என்று. நாம் இதை ஏற்கவில்லை. அப்படி எழுதியவர் 16ஆம் நூற்றாண்டில் மக்காவில் வாழ்ந்த நஹ்ரவாலி. குடிபோதையில் வழி சொன்னார் என்று வேறு சேர்த்திருக்கிறார். போர்த்துக்கேய வரலாற்றாசிரியர் பாரோஸோ, வழிகாட்டி ஒரு குஜராத்தி முஸ்லிம் என்கிறார். அவர் தரும் பெயர் 'மாலெமோ கனா'. மாலெமோ என்பது ஆளின் பெயரல்ல, 'முஅல்லிம்' என்ற தொழிற்பெயர். ஆசிரியருக்கும் அதே சொல்தான். தமிழில் மாலுமி என்று ஆனதும் அதுதான்.