சின்னக் கைகள் செய்த பெரிய உதவி



கண்டுபிடிப்பு என்றவுடன் பெரிய ஆய்வுக்கூடமும் நரைத்த தலையும்தான் நம் நினைவுக்கு வரும். ஆனால் நம் லயங்களைக் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். 1877-இல் கோலகங்சாரில் ரப்பர் கன்றுகள் நடப்பட்டன. பிறகு அந்த மரத்தை நம்பி நம் முன்னோர் பேராக்குக்கு வந்தார்கள். அவர்கள் பிள்ளைகள் காலிப் பால் டின்னில் வண்டி செய்தார்கள். ரப்பர் துண்டில் கவண் செய்தார்கள். நாமோ, "சும்மா இருடா, எதுலயும் கைய வைக்காதே!" என்று அதட்டினோம். அந்தத் துறுதுறுத்த கைதான் உலகுக்கு உதவும் கை என்பதற்குச் சரித்திரமே சாட்சி. இரண்டு பிள்ளைகளின் கதையைக் கேளுங்கள்.

முதலாமவர் பிரான்சு நாட்டு லூயி பிரெயில். 1809-இல் பிறந்தவர். தந்தை குதிரைச் சேணம் தைக்கும் தொழிலாளி. மூன்று வயதில் அப்பாவின் குத்தூசியை எடுத்து விளையாடியபோது அது கண்ணில் பாய்ந்தது. ஐந்து வயதுக்குள் இரு கண்களும் போயின. 1819-இல் பாரிசு நகரப் பார்வையற்றோர் பள்ளியில் சேர்ந்தார். அங்கே புத்தகங்களில் எழுத்துகள் புடைத்து நிற்கும். தடவித் தடவிப் படிக்கலாம். ஆனால் மெதுவாகத்தான் ஓடும், தானாக எழுதவும் முடியாது. பார்பியே என்ற முன்னாள் இராணுவ அதிகாரி பன்னிரண்டு புள்ளிகளால் ஒரு முறையைக் கொண்டு வந்தார். விரல் நுனிக்கு அது மிகப் பெரிது. பிரெயில் அதை ஆறு புள்ளிகளாகச் சுருக்கினார். 1824-இல் அது உருவானபோது அவருக்கு வயது பதினைந்து! கண்ணைப் பறித்தது ஒரு கூரான கருவி. அதே போன்ற கூரான கருவியால்தான் அந்தப் புள்ளிகளைக் குத்துகிறார்கள்.

பெரியவர்கள் உடனே ஏற்றார்களா? இல்லை. 1852-இல் அவர் கண் மூடினார். 1854-இல்தான் அந்தப் பள்ளி அதை முறையாக ஏற்றது. முப்பது வருடம்! இன்று தமிழ் எழுத்துகளும் அந்த ஆறு புள்ளிகளுக்குள் அடங்கியிருக்கின்றன.

இப்போது நம் தமிழ் மண்ணுக்கு வருவோம். திருவண்ணாமலையைச் சேர்ந்த வினிஷா உமாசங்கர், துணி தேய்ப்பவர் எரிந்த கரியைக் கொட்டுவதைத் தெருவில் பார்த்தாள். கரி இஸ்திரிப் பெட்டியின் புகையும் சூடும் நம் வீட்டுப் பெரியவர்களுக்குத் தெரியாததா? எல்லாரும் பார்த்ததுதான், அவள் யோசித்தாள். கூரையில் சூரியத் தகடு, கீழே மின்கலம் வைத்த ஒரு தள்ளுவண்டியை வரைந்தாள். அப்போது அவளுக்குப் பன்னிரண்டு வயது. ஐந்து மணி நேர வெயில், ஆறு மணி நேரம் துணி தேய்க்கப் போதும். கரி வேண்டாம், புகையும் இல்லை.

இங்கே பெரியவர்கள் காது கொடுத்தார்கள். குஜராத்திலுள்ள தேசியப் புத்தாக்க அறக்கட்டளை 2019-இல் பரிசளித்தது. அதன் பொறியாளர்கள் வண்டியைச் செய்யத் துணை நின்றார்கள். 2020-இல் சுவீடன் நாட்டின் சிறுவர் பருவநிலைப் பரிசு கிடைத்தது. 2021-இல் கிளாஸ்கோ மாநாட்டில் உலகத் தலைவர்கள் முன் அவள் பேசினாள்.

வித்தியாசம் புரிகிறதா? இரண்டு பிள்ளைகளுக்கும் மூளை இருந்தது, கை இருந்தது. ஒருவருக்குக் காது கொடுக்க முப்பது வருடம் ஆயிற்று. மற்றவளுக்கு ஓரிரு வருடம் போதுமாயிருந்தது.

பெற்றோர்களே, பத்துப் பிள்ளைகள் இருந்தால் தோட்டம் பள்ளி வைக்க வேண்டும் என்று 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் சொன்னது. அப்படி வந்த பள்ளிகள் நமக்கு எழுத்தும் கணக்கும் தந்தன. பல தோட்டங்கள் துண்டாடப்பட்டு, மக்கள் ஈப்போ பக்கம் குடிபெயர்ந்தும் விட்டார்கள். ஆனால் பிள்ளையின் கேள்விக்குக் காது கொடுப்பதை எந்தச் சட்டமும் நம் வீட்டுக்குக் கொண்டு வராது; அதை நாம்தான் செய்ய வேண்டும். ஓடாத மின்விசிறியை உங்கள் மகன் கழற்றினால் அடிக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கி வைத்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து, "என்னப்பா பார்க்கிறே?" என்று கேளுங்கள். மகள் ஒன்றை வரைந்து காட்டினால் ஆசிரியரிடம் கொண்டு போங்கள்.

மாணவர்களே, அம்மாவுக்கு எந்த வேலை கஷ்டமாக இருக்கிறது, அப்பாவின் முதுகு எதனால் வலிக்கிறது என்று பாருங்கள். உங்கள் கண்டுபிடிப்பு அங்கேதான் காத்திருக்கிறது. விளையும் பயிர் முளையிலே தெரியும். தண்ணீர் ஊற்றுவது நம் கடமை.