மடத்துப் பாட்டு இசைத்தட்டில் ஏறிய கதை

1994-இல் அமெரிக்காவின் பில்போர்டு பட்டியலில் மூன்றாம் இடம்வரை ஏறியது ஓர் ஆல்பம். அதில் டிரம்ஸ் இல்லை, கிட்டார் இல்லை, காதல் இல்லை. ஸ்பெயினின் பூர்கோஸ் மாகாணத்தில் உள்ள சாந்தோ தொமிங்கோ தெ சிலோஸ் மடத்துத் துறவிகள் லத்தீனில் ஒரே குரலாகப் பாடிய கிரகோரியன் பாட்டுகள்தான் இருந்தன. ‘சான்ட்’ என்று பெயர். பல லட்சம் பிரதிகள் விற்றன. இத்தனைக்கும் எல்லாம் பழைய சரக்கு. 1970-களிலும் 80-களின் தொடக்கத்திலும் பதிவானவை.

பாட்டின் வயது ஆயிரத்துக்கும் மேல். ஆனால் அதைப் பாடும் முறை பிரான்சில் சொலேம் என்ற சிற்றூரின் மடத்தில் மறுபடி கட்டி எடுக்கப்பட்டது. 1833-இல் அங்கே ஆசீர்வாதப்பர் சபை வாழ்க்கையைப் புதுப்பித்தவர் புரோஸ்பர் கெராஞ்சே. அன்றைய கோயில்களில் இந்தப் பாட்டு மெட்டு குறுகி, ஒவ்வொரு சுரமும் சம்மட்டி அடிபோல விழும்படி கனத்துக் கிடந்தது. பழைய ஏடுகளைப் பார்த்துத் திருத்துங்கள் என்று அவர் தம் துறவிகளை ஏவினார்.

ஏடுகளோ எளிதில் பிடி கொடுக்கவில்லை. பத்தாம் நூற்றாண்டுச் சுவடியில் சுரவரிகள் கிடையா. லத்தீன் சொற்களின் தலைக்கு மேல் எறும்பு ஊர்ந்ததுபோலச் சின்னச் சின்னக் கீற்றுகள் மட்டும் இருக்கும். குரல் ஏறுகிறதா இறங்குகிறதா என்று அவை சொல்லும். எவ்வளவு தூரம் என்று சொல்லா. ஏற்கெனவே பாட்டைக் காதால் கற்றவனுக்கான நினைவுக்குறிப்பு அது. நம் வித்துவான்கள் பாடாந்தரம் என்பார்களே, அதுபோல.

இளமையில் செல்லோ வாசித்த ஆந்த்ரே மொக்கெரோ என்ற துறவி இதற்குக் கேமராவைத் துணைக்கு அழைத்தார். 1889-இலிருந்து ஐரோப்பியச் சுவடிகளின் புகைப்படங்களைத் தொகுதி தொகுதியாக அச்சிட்டார். நீதிமானைப் பனைக்கு ஒப்பிடும் ஒரே ஒரு பாட்டுக்கு 200-க்கும் மேற்பட்ட ஏடுகளின் படங்களை அடுக்கிக் காட்டினார். ஊர் வேறு, நூற்றாண்டு வேறு, மெட்டு ஒன்றே! 1903-இல் பாப்பரசர் பத்தாம் பயஸ் இந்தப் பாட்டைத் திருச்சபைக்கு முன்மாதிரி என்று அறிவித்தார்.

அந்த அறிவிப்பு வந்தபோது சொலேம் துறவிகள் சொலேமில் இல்லை. 1901-இல் பிரான்ஸ் கொண்டுவந்த சங்கங்கள் சட்டத்தால் நாட்டைவிட்டு வெளியேறி, இங்கிலாந்தின் வைட் தீவில் தங்கியிருந்தார்கள். திரும்பியது 1922-இல்.

மெட்டு கிடைத்தது, நடை பற்றிய தகராறு தீரவில்லை. எந்தச் சுரத்தில் ஊன்றுவது, எதை இழுப்பது, எங்கே மூச்சு விடுவது? சொலேம் மடத்திலிருந்தே வந்த ஜோசப் போத்தியே ஒரு பக்கம், மொக்கெரோ மறுபக்கம். 1908-இல் வத்திக்கான் வெளியிட்ட பாட்டுப் புத்தகத்தில் மொக்கெரோவின் தாளக்குறிகள் இடம்பெறவில்லை.

தாளில் தோற்ற வாதத்தை இசைத்தட்டு பேசியது. 1904-லேயே ரோமில் நடந்த கிரகோரியன் மாநாட்டில் சில தட்டுகள் பதிவாகியிருந்தன. அது பெரிய குழலுக்கு முன் நெருக்கியடித்து நின்று பாட வேண்டிய காலம். 1925-க்குப் பின் மைக் வந்ததும், கூடத்தின் எதிரொலியும் தட்டில் ஏறத் தொடங்கியது. மொக்கெரோ 1930 ஜனவரியில் காலமானார். அதே ஆண்டு அவருடைய சீடர் ஜோசப் கஜார் நடத்த, சொலேம் துறவிகள் கிராமபோன் கம்பெனிக்காகப் பாடினார்கள். நாய் படம் போட்ட 12 தட்டுகள். நிமிடத்துக்கு 78 சுற்று. ஒரு பக்கத்துக்கு நாலு நிமிடம், சற்றே கூடலாம். அதற்குள் அடங்கும் பாட்டாகப் பார்த்துப் பொறுக்க வேண்டும். பிரான்சைப் பார்த்தேயிராத பாடகர் குழுகூட இனி ஊசியை வைத்து, கேட்டு, திருப்பிப் பாடலாம். அச்சடித்த புத்தகத்தால் முடியாத பாடாந்தரம் அது.

பிறகு ஒரு திருப்பம். 1963-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் கிரகோரியன் பாட்டுக்கு முதலிடம் என்றது. கூடவே மக்கள் மொழிக்கும் கதவைத் திறந்தது. சில ஆண்டுகளுக்குள் ஊர்க் கோயில்களில் லத்தீன் மறைந்தது. தமிழ்நாட்டிலும் பூசை தமிழானது. பாட்டு பெரும்பாலும் மடங்களிலும் இசைத்தட்டுகளிலும் ஒதுங்கியது. 1990-இல் எனிக்மா குழு, பழைய ஜெர்மன் தட்டொன்றிலிருந்து இப்பாட்டின் துண்டுகளை எடுத்து நடன இசையில் கலந்தபோது, அது என்ன பாட்டு என்றே பல இளைஞர்களுக்குத் தெரியாது. விவகாரம் வழக்காகிப் பின்னர் சமரசத்தில் முடிந்தது. அடுத்த சில ஆண்டுகளில் சிலோஸ் துறவிகளின் முறை வந்தது.

அந்தச் சிலோஸ் மடமும் சொலேமுக்கு உறவுதான். 1835-இல் ஸ்பெயின் அரசு மடங்களை மூடியபோது அதுவும் காலியானது. 1880-இல் பிரான்சிலிருந்து வெளியேற்றப்பட்ட சொலேம் வழித் துறவிகள் வந்து மறுபடி விளக்கேற்றினார்கள். தங்கள் பாட்டையும் கொண்டுவந்தார்கள். இரண்டு ஆண்டு கழித்து மடத்து முற்றத்தில் ஒரு சைப்ரஸ் கன்றையும் நட்டார்கள். அது இன்று இரண்டடுக்குத் தூண்வரிசையையும் கூரையையும் தாண்டி ஒற்றையாக நிற்கிறது. மாலை மன்றாட்டுக்கு மணி அடிக்கும்போது துறவிகள் இப்போதும் பாடப் போகிறார்கள்.