மனுதாரரும் எதிரிகளும்: நாவலப்பிட்டிப் பிரதேச வரலாற்றில் பொதுவேலை மனுக்களும் வழக்கேடுகளும்

நாவலப்பிட்டிக்கு அண்மையிலுள்ள அம்பகமுவையில் முதலாம் விசயபாகு மன்னனின் கற்சாசனம் ஒன்று உள்ளது. 1055 முதல் 1110 வரை ஆண்ட அம்மன்னன், சிவனொளிபாத மலைக்குச் செல்லும் யாத்திரிகரின் நலனுக்காகக் கிராம வருவாயை ஒதுக்கியமையை அது கூறுகின்றது. அக்காலத்தில் பொதுநலப் பணி என்பது அரசனின் கொடை. அது கல்லிற் பொறிக்கப்பட்டது. அப்பணியை வேண்டி நின்றவர் எவர் என்பது கல்லில் இடம்பெறவில்லை.

1815 இல் கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் வசமான பின்னர் இந்நிலை மாறியது. பாதையும் பாலமும் வைத்தியசாலையும் கடதாசி வழியாகக் கேட்கப்பட்டன. கடதாசி வழியாகவே வழங்கப்பட்டன அல்லது மறுக்கப்பட்டன. கோப்பித் தோட்டங்களாலும் புகையிரதப் பாதையாலும் வளர்ந்த நகரமாகிய நாவலப்பிட்டியின் வரலாறு பெரிதும் இருவகை ஆவணங்களில் அடங்கியுள்ளது. ஒன்று, அரசாங்கத்துக்கு எழுதப்பட்ட மனு. மற்றையது, நீதிமன்றத்தின் வழக்கேடு. இவற்றைத் தனித்தனியே நோக்குவோர் இருவேறு சமுதாயங்களின் வரலாற்றைக் காண்பர். சேர்த்து நோக்குவோர்க்கே ஓர் உண்மை புலப்படும். பாதை வேண்டுமென்று கேட்டவர் ஒரு சாரார். அப்பாதை அமைந்த மண்ணில் உழைத்தவர் மறுசாரார். முன்னவர் மனுதாரராகவும் பின்னவர் பெரும்பாலும் எதிரிகளாகவும் ஆவணங்களில் இடம்பெற்றனர்.

மலைநாட்டிற் பாதை அமைப்பது தொடக்கத்திலிருந்தே அரசியற் பிரச்சினையாக இருந்தது. 1848 ஆம் ஆண்டின் வீதிக் கட்டளைச் சட்டம், வயது வந்த ஆண்கள் ஆண்டுதோறும் ஆறு நாள் வீதி வேலை செய்ய வேண்டும் அல்லது அதற்கீடாக மூன்று சிலிங் செலுத்த வேண்டும் என விதித்தது. துப்பாக்கி, நாய், கடை ஆகியவற்றின் மீதும் வரிகள் வந்தன. அவ்வாண்டு யூலை 6 ஆம் நாள் ஆயிரக்கணக்கான மக்கள் கண்டிக் கச்சேரியின் முன் திரண்டு முறையிட்டனர். அம்முறையீட்டுக்குத் தக்க விடை கிடைக்கவில்லை. அம்மாத இறுதியிற் கிளர்ச்சி மூண்டது. இராணுவச் சட்டம் பிரகடனஞ் செய்யப்பட்டது. புரன் அப்பு ஆகஸ்டு 8 ஆம் நாள் சுட்டுக் கொல்லப்பட்டான். கிராமத்தவர் கால்நடையாக வந்து செய்த முறையீடு கலகமாகக் கொள்ளப்பட்டது என்பது மனவருத்தத்துக்குரியது. தேசாதிபதி டொரிங்டன் 1850 இற் பதவியிழந்தமை பிற்பட்ட கதை.

இதற்கு நேர்மாறானது தோட்டத்துரைமாரின் அனுபவம். 1854 இற் கண்டியில் அவர்களது சங்கம் தோன்றியது. கோப்பியை மாட்டு வண்டிகளில் மலையிலிருந்து கொழும்புத் துறைமுகத்துக்கு இறக்குவதற்குக் காலமும் பணமும் மிகுதியாகத் தேவைப்பட்டன. மழைக்காலத்திற் பாதைகள் சேறாகும். வண்டி மாடுகள் நோயால் மடியும். எனவே பாதை, பாலம், புகையிரதம் என அவர்களது கோரிக்கைகள் தொடர்ந்தன. சட்டநிரூபண சபையில் அவர்களுக்கெனப் பிரதிநிதி ஒருவர் இருந்தார்; ஆங்கிலப் பத்திரிகைகள் அவர்கள் குரலை எடுத்துரைத்தன. ஆளுவோரின் மொழியே மனுவின் மொழியாகவும் இருந்தது. 1866 ஆம் ஆண்டின் கிளைவீதிக் கட்டளைச் சட்டத்தின்படி, தோட்டக்காரர் செலவிற் பாதியை ஏற்பின் மறுபாதியை அரசாங்கம் ஏற்கும் முறை உருவாயிற்று. 1867 இற் புகையிரதம் கண்டியை அடைந்தது. பேராதனையிலிருந்து பிரிந்த பாதை 1873 இற் கம்பளையையும், 1874 இல் நாவலப்பிட்டியையும் எட்டியது.

அடுத்துவந்த ஏறக்குறைய பத்து ஆண்டுகள் நாவலப்பிட்டியே பாதையின் முடிவிடமாக இருந்தது. டிக்கோயா, திம்புள, மஸ்கெலியாப் பகுதிகளின் கோப்பி வண்டிகளில் இங்கு வந்து புகையிரதத்தில் ஏறிற்று. அரிசியும் ஆட்களும் இங்கிறங்கி மேலே சென்றனர். கடைவீதியும் களஞ்சியங்களும் வண்டித் தரிப்பிடங்களும் இதனாலேயே தோன்றின. அக்காலத்தில் 1869 இற் கண்டறியப்பட்ட இலைநோய் கோப்பியை அழித்துக்கொண்டிருந்தது. எனினும் பாதையை மேலே நீட்டுமாறு கோரும் முயற்சிகள் ஓயவில்லை. 1885 இல் அது நானுஓயாவை அடைந்தது. ஒரு பயிர் வீழ்ந்து மற்றொரு பயிராகிய தேயிலை எழும் இடைவேளையிலும் அரசாங்கத்தின் பணப்பெட்டியைத் திறக்கவைத்த வலிமை அம்மனுக்களுக்கு இருந்தது.

கிராமத்தவருக்கு வேறொரு வழி திறக்கப்பட்டது. 1856 இல் தேசாதிபதி உவார்ட் காலத்தில் இயற்றப்பட்ட நீர்ப்பாசனச் சட்டம் பழைய கிராம வழக்கங்களுக்கு உயிரூட்டியது. 1871 ஆம் ஆண்டின் கிராமச் சமுதாயக் கட்டளைச் சட்டம் கிராமச் சபைகளையும் கிராம நீதிமன்றங்களையும் ஒருங்கே அமைத்தது. கிராமப் பாதை, பாலம், வாய்க்கால் ஆகியன பற்றி விதி செய்யும் அதிகாரமும் சிறு வழக்குகளைத் தீர்க்கும் ஏற்பாடும் ஒரே சட்டத்துள் வந்தன. பொதுவேலைக்கும் உள்ளூர் நீதிக்கும் உள்ள தொடர்பு இதிலிருந்து தெளிவாகும். வாய்க்காலைச் செப்பனிடத் தவறியவன் தன் அயலவர் முன்னிலையிலேயே விடை கூற வேண்டியவனானான். இத்தகைய வழக்கேடுகள் தண்டனைப் பதிவுகள் மட்டுமல்ல. ஒரு கிராமம் தன் பொதுச்சொத்தை எவ்வாறு காத்தது என்பதற்கான சான்றுகளுமாகும்.

தோட்டத் தொழிலாளரோ இவ்விரு வழிகளுக்கும் புறம்பாக நின்றனர். தென்னிந்தியாவிலிருந்து வந்த அவர்கள் காடழித்தனர். கோப்பியும் தேயிலையும் நட்டனர். அவர்களைப் போன்று அங்கிருந்து வந்தவர்களே பாதை வெட்டும் படைகளிலும் புகையிரத வேலையிலும் பெருந்தொகையாக உழைத்தனர். ஆயின் அவர்கள் வாழ்ந்த லயங்களும் நடந்த பாதைகளும் தனியார் நிலத்துள் அடங்கியமையால் பொதுவேலை என்ற சொல்லுக்குள் அவை வரவில்லை. அரசாங்க ஆவணங்களில் அவர்களை அதிகமாகச் சந்திக்கக்கூடிய இடம் நீதிமன்றமே. 1865 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி, ஒப்பந்தத்தை மீறி வேலையை விட்டகல்வது குற்றவியற் குற்றம். மூன்று மாதம் வரை சிறைத்தண்டனை விதிக்கலாம். இன்று குடியியல் விவகாரமாகக் கருதப்படும் ஒன்று அன்று மனிதனைச் சிறைக்கு அனுப்பியது. கங்காணியின் கடனும் துண்டு முறையும் அவனைத் தோட்டத்துடன் பிணைத்தன. துண்டின்றி மற்றொரு தோட்டத்தில் வேலை பெறுதல் அரிது.

இங்கு வரலாற்று மாணவன் கவனிக்க வேண்டிய முறையியற் பிரச்சினை ஒன்றுண்டு. வழக்கேடு எதிரியின் பெயரையும் குற்றத்தையும் தண்டனையையும் கூறும். அவன் ஏன் ஓடினான் என்பதை அது கேட்பதில்லை. சம்பளம் நிலுவையில் இருந்ததா, குழந்தை நோயுற்றிருந்ததா, வைத்தியசாலைக்குச் செல்லப் பாதை இருந்ததா என்பன அதன் வினாக்கள் அல்ல. ஆயினும் விட்டகன்றமை என்ற அச்செயலையே ஒரு முறையீடாகக் கொள்ள இடமுண்டு. எழுத்தறியாதவனுக்கு, மனு எழுத வழியற்றவனுக்கு, கால்களே எழுதுகோலாயின எனலாம்.

1921 ஆம் ஆண்டின் 43 ஆம் இலக்கச் சட்டம் இத்தகைய குற்றவியற் தண்டனையையும் துண்டு முறையையும் ஒழித்தது. 1923 இல் இந்திய அரசாங்கத்தின் முகவர் நியமிக்கப்பட்டு அவரது அலுவலகம் கண்டியில் அமைந்தபோது, தொழிலாளியின் முறையீட்டுக்கு ஒரு முகவரி கிடைத்தது. கோ. நடேசய்யர் தம் எழுத்தாலும் தொழிற்சங்கப் பணியாலும் தொழிலாளரிடையே சட்ட அறிவைப் பரப்பினார். எதிரியாக நின்றவன் மனுதாரனாக மாறத் தொடங்கிய காலம் இதுவே.

ஆனால் உள்ளூராட்சியின் கதவு திறக்கவில்லை. 1937 இற் கிராமச் சபை வாக்குரிமையை விரிவாக்க முனைந்தபோது, தோட்டங்களில் வாழ்ந்த இந்தியத் தொழிலாளர் விலக்கப்பட்டனர். இனம் குறித்த அவ்விலக்குக்கு எதிர்ப்பு எழவே, மறு ஆண்டு எவ்வினத்தவராயினும் தோட்டங்களில் வதியும் தொழிலாளர் விலக்கப்படுவர் என அது மாற்றப்பட்டது. சொல் மாறியது, பொருள் மாறவில்லை. 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் அவர்களுட் பெரும்பாலாரை நாடற்றவராக்கியது. மனுச் செய்வதற்கு முன்னர் தாம் யார் என்பதையே நிரூபிக்க வேண்டியவராயினர். 1964 ஆம் ஆண்டின் உடன்படிக்கை, 1988, 2003 ஆம் ஆண்டுகளின் சட்டங்கள் ஆகியவற்றின் வழியாகவே அப்பிரச்சினை படிப்படியாகத் தீர்ந்தது.

பிரசாவுரிமை கிடைத்த பின்னும் பாதை கிடைத்துவிடவில்லை. 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தின் 33 ஆம் பிரிவு, தோட்டக் குடியிருப்புகளில் சபை நிதியைச் செலவிடுவதற்குத் தடையாகக் கொள்ளப்பட்டது. சபைக்கு வாக்களித்தவர் அச்சபையிடம் தம் லயத்துக்குச் செல்லும் பாதையைக் கேட்க இயலாதிருந்தனர். 2018 ஆம் ஆண்டின் திருத்தமே இத்தடையை நீக்கியது. தோட்டத்துரைமார் சங்கம் கண்டியிற் கூடிப் பாதைகளைக் கேட்கத் தொடங்கிய 1854 இலிருந்து கணக்கிடின், இடைப்பட்ட காலம் 164 ஆண்டுகள்.

பொதுவேலைகளின் வரலாறு என்பது கட்டப்பட்ட பாதைகளின் நீளத்தையும் செலவான தொகையையும் கூறுவதோடு நிறைவுறுவதில்லை. கேட்கும் உரிமை எவரிடம் இருந்தது, எவரிடம் இருக்கவில்லை என்பதையும் அது கூற வேண்டும். மனுக்களை மட்டும் கற்போர் நாவலப்பிட்டியைத் துரைமாரின் முயற்சியாற் பிறந்த நகரம் என முடிவு செய்வர். வழக்கேடுகளை மட்டும் கற்போர் தொழிலாளரைக் குற்றவாளிகளின் கூட்டமாகக் காண்பர். இரண்டையும் ஒரே மேசையில் விரித்து வைத்துக் கற்கும்போதே, மனுவில் இல்லாத மனிதன் வழக்கேட்டிலும், வழக்கேட்டில் இல்லாத காரணம் மனுவின் மௌனத்திலும் வெளிப்படும். மலையகத்தின் பிரதேச வரலாறுகள் இனி எழுதப்படும்போது இவ்வழியே எழுதப்படுதல் வேண்டும்.