பழைய பாலமும் புதிய பாலமும்

ஐதராபாத் நகரில் மூசி ஆற்றைக் கடக்கும் புரானாபுல், கோல்கொண்டாவை ஆண்ட இப்ராஹிம் குலி குத்ப் ஷாவின் காலத்தில், 1578ஆம் ஆண்டு கட்டி முடிக்கப்பட்டது. சார்மினார் எழுந்தது 1591இல். ஆகவே, அந்நகரத்தைக் காட்டிலும் அதன் பாலம் 13 ஆண்டுகள் மூத்தது.

புரானாபுல் என்றால் 'பழைய பாலம்'. முதற்சொல் வடமொழிப் 'புராண'த்தின் வழிவந்தது. நாம் 'புராணம்' என்பதும் அதே சொல்லைத்தான். 'புல்' என்பது பாலத்தைக் குறிக்கும் பாரசீகச் சொல். தக்கணத்தின் மொழிக்கலப்புக்கு இப்பெயரே நல்ல சான்று.

ஆனால் இப்பாலத்தைப் பற்றி அதிகம் வழங்குவது ஒரு காதல் கதை. இளவரசர் முகம்மது குலி, அக்கரையில் வாழ்ந்த பாகமதியைக் காண வெள்ளத்தில் குதிரையுடன் இறங்கினாராம். அஞ்சிய தந்தை மகனுக்காகப் பாலம் கட்டினாராம். முதலில் 'பியாரானா புல்', அதாவது காதற்பாலம், என்றிருந்த பெயரே பின்னர்த் திரிந்தது என்பாரும் உளர்.

காலக்கணக்கு இதற்கு இடந்தரவில்லை. முகம்மது குலி பிறந்தது 1565ஐ ஒட்டி. பாலம் முடிந்தபோது அவருக்கு வயது 12 அல்லது 13. பணி தொடங்கியபோது இன்னும் சிறுவர். பெயர் பற்றிய விளக்கமும் நிற்கவில்லை. நேர்ப்பொருள் தெளிவாக இருக்கும் ஒரு பெயருக்குத் திரிபைக் கற்பிக்கத் தேவையில்லை. சொல்லின் ஒலியை வைத்துக் கதை புனைவதை மொழியியலார் மக்கள் வழக்குச் சொற்பிறப்பு என்பர்.

பெயர் வேறொரு செய்தியைச் சொல்கிறது. கட்டிய அன்று எந்தப் பாலமும் 'பழைய பாலம்' ஆவதில்லை. இன்னொன்று வந்த பின்னரே முன்னதற்கு அந்த அடைமொழி தேவைப்படுகிறது. உங்கள் ஊரின் 'பழைய பேருந்து நிலையம்' அப்பெயரை எப்போது பெற்றது என்று எண்ணிப் பாருங்கள். மூசியில் 19ஆம் நூற்றாண்டில் வேறு பாலங்கள் எழுந்தன. அவற்றுள் ஐந்தாம் நிசாம் அப்சல் உத் தௌலாவின் பெயர் தாங்கிய அப்சல் பாலத்தை மக்கள் 'நயாபுல்', அதாவது புதிய பாலம், என்றனர். 'புரானா', 'நயா' என்னும் இந்த எதிரிணையில் காதலுக்கு இடமில்லை.

17ஆம் நூற்றாண்டில் இங்கு வந்த பிரெஞ்சு வைர வணிகர் தவெர்னியே, இப்பாலம் பாரிசின் 'பான் நெஃப்' பாலத்துக்கு அழகில் அதிகம் குறைந்ததன்று என்று எழுதினார். பான் நெஃப் என்றால் பிரெஞ்சில் 'புதிய பாலம்'. அதற்கு அடிக்கல் நாட்டப்பட்டதும் அதே 1578இல்தான். இன்று சேன் ஆற்றின்மேல் பாரிசில் எஞ்சியுள்ள பாலங்களில் மிகப் பழையது அந்தப் 'புதிய பாலம்'. ஒரே ஆண்டோடு தொடர்புடைய இரு பாலங்களில் ஒன்று பழையது ஆயிற்று, மற்றது புதியதாகவே நின்றுவிட்டது. பெயர்கள் பாலத்தின் வயதைக் காட்டவில்லை. பெயரிட்டோர் நின்ற காலத்தைக் காட்டுகின்றன.

1908 செப்டம்பர் 28 அன்று மூசி பெருக்கெடுத்தது. சுமார் 15,000 பேர் மாண்டனர் என்பது பரவலாகக் கூறப்படும் கணக்கு. அப்சல் பாலம், முசல்லம் ஜங் பாலம், சாதர்காட் பாலம் ஆகிய மூன்றும் அடித்துச் செல்லப்பட்டன. புதிய பாலம் போயிற்று. பழைய பாலம் சேதமுற்றும் நின்றது. பின்னர் எம். விஸ்வேசுவரய்யாவின் ஆலோசனையில் உருவான வெள்ளத்தடுப்புத் திட்டத்தின் பயனாக உஸ்மான் சாகர், இமாயத் சாகர் நீர்த்தேக்கங்கள் அமைந்தன.

காதல் கதையை யாரும் மறக்க வேண்டியதில்லை. அதுவும் நகரத்தின் புராணம்தான். ஆனால் அதை மட்டும் சொல்லும்போது, பாலத்தின் உண்மையான காரணம் மறைந்துபோகிறது. கோல்கொண்டாவின் சந்தைகளை மசூலிப்பட்டினத் துறைமுகத்தோடு இணைத்த வணிகவழி இங்கேதான் ஆற்றைக் கடந்தது. பாலத்தருகே உள்ள 'கார்வான்' பகுதியின் பெயரில் அந்த வணிகச் சாத்துகள் இன்னும் வாழ்கின்றன. இன்று அருகிலுள்ள வேறொரு பாலம் வாகனங்களைச் சுமக்க, புரானாபுல்லின் மேல் காய்கறிக் கடைகள் பரவியிருக்கின்றன. சிலருக்கு அது வரலாற்றுச் சின்னத்தின் மீதான ஆக்கிரமிப்பாகத் தோன்றலாம். பாலத்தைப் பேணுவது அவசியமே. ஆயினும் வணிகருக்காக எழுந்த பாலத்தில் வணிகரை அந்நியராகக் கருதுமுன், அதன் வரலாற்றை நாம் எந்தக் கதையிலிருந்து கற்றோம் என்று கேட்டுக்கொள்வது நலம்.