காசு: கழுத்திலிருந்து கைக்கு

ஆனி, ஆடியில் மல்லாங்கிணற்றுப் பக்கம் வேப்பமரத்தடியெல்லாம் பழம் உதிர்ந்து மஞ்சளாய்க் கிடக்கும். காசு என்ற சொல்லின் பழைய பொருளுக்கு அந்தப் பழம்தான் சாட்சி. குறுந்தொகையின் 67ஆம் பாட்டில் அள்ளூர் நன்முல்லை ஒரு கிளியைக் காட்டுகிறார். கள்ளி வளர்ந்த கரிந்த நிலத்தில், வளைந்த அலகில் வேப்பம்பழத்தைக் கவ்வியிருக்கிறது அது. புது நூலில் கோக்க, கூரிய நகத்தால் பிடித்திருக்கும் பொன்நகையின் ஒற்றைக் காசு போல அது இருக்கிறதாம். வேப்பம்பழம் தட்டையா என்ன? உருண்டு திரண்டது. ஆக, அந்தக் காசு நாணயமாக இருக்க முடியாது. நூலில் கோக்கும் மணி என்றே நான் படிக்கிறேன். மணி கோத்த மேகலைக்கும் காசு என்று பெயர் உண்டு.

அப்படிப்பட்ட மணிகள் நம்மைச் சுற்றியே மண்ணுக்குள் கிடந்தன. வடக்கே கீழடியில் தங்க அணிகளும் சூதுபவள மணிகளும் கிடைத்தன. தென்மேற்கே, வைப்பாற்றங்கரை வெம்பக்கோட்டையில் 2022இல் தொடங்கிய அகழாய்வில் மணிகளோடு சங்கு வளையல்களும் ஏராளம். மூன்றாம் கட்டத்தில், 2024இல், திமிலுள்ள காளையைக் குடைந்து செதுக்கிய சூதுபவளம் ஒன்று வந்தது. விரல்நுனி அகலக் கல்லில் திமில் தெரியக் காளையைச் செதுக்கியவனுடைய கை எப்பேர்ப்பட்ட கை!

இந்த மணிக்காரர்கள் நாட்டுக்குத்தான் ரோமானிய நாணயம் வந்தது. மிளகுக்கும் முத்துக்கும் துணிக்கும் விலையாக, அகஸ்டஸ், திபேரியஸ் தலை பொறித்த பொன்னும் வெள்ளியும் கப்பலில் வந்திறங்கின. வைகை கடலில் சேரும் அழகன்குளத்தில் பிற்கால ரோமானியச் செப்புக்காசுகள்கூடக் கிடைத்திருக்கின்றன. வந்த பொன்னை நம்மவர் என்ன செய்தார்கள் என்பதுதான் எனக்குப் பெரிய விஷயம். சிலவற்றில் துளையிட்டார்கள். சிலவற்றில் வளையம் பற்றவைத்துக் கழுத்தில் தொங்கவிட்டார்கள். மணிக்கு இருந்த பெயர், நூலில் ஏறிய பேரரசனுக்கும் பொருந்திவிட்டது.

புதுக்கோட்டைச் சீமையின் கறுக்காக்குறிச்சியில் 1898இல் கிடைத்த புதையலில் 501 ரோமானியப் பொற்காசுகள் இருந்தன. அகஸ்டஸ் முதல் வெஸ்பாசியன் வரையிலான காலத்தவை. பெரும்பாலானவற்றில் அரசன் முகத்துக்குக் குறுக்கே உளிவெட்டு. ஒரே வெட்டு, ஆழமாக. மறுபடி நாணயமாகப் புழங்கக்கூடாது என்றே இப்படி வெட்டினார்கள் என்று ஆய்வாளர் பலர் கருதுகிறார்கள். நாம் சொல்லும் செல்லாக்காசு இதுதான். ஆனால் பொன்னின் எடை குறையவில்லையே! கரிசல்காட்டுக்காரருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. புரட்டாசி விதைப்புக்குக் கையில் பணமில்லை என்றால் காசுமாலை அடகுக்கடைக்குப் போகிறது. அங்கே காசில் இருக்கும் லட்சுமியின் உருவத்துக்கு விலை இல்லை. மாற்றுக்கும் எடைக்கும்தான் விலை. ரோமானியச் சீசருக்கும் இங்கே நடந்தது அதுதான்.

சோழர் காலத்துக்குள் காசு முழு நாணயமாகிவிட்டது. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் ஒரு காசுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு வட்டி. பிறகு பொன் போய்ச் செம்பு வந்தது. கும்பினியார் சென்னைக் கணக்கில் 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன்.

ஆங்கிலக் ‘கேஷ்’ நம் காசுதான் என்று மேடையில் முழங்குவார்கள். பாதிதான் சரி. ரொக்கத்தைக் குறிக்கும் கேஷ், பெட்டியைக் குறிக்கும் பிரெஞ்சு, இத்தாலியச் சொற்களின் வழி வந்தது. சின்ன நாணயத்தைக் குறிக்கும் கேஷ் நம்முடையது; போர்ச்சுக்கீசியர் வாய் வழியாகப் போனது. நடுவில் சதுரத் துளை போட்டுச் சரமாகக் கோத்த சீனச் செப்பு நாணயத்துக்கும் ஐரோப்பியர் அந்தப் பெயரையே வைத்தார்கள். கும்பினி 1808இல் பர்மிங்காமில் அச்சடித்த இருபது காசில், பாரசீக எழுத்தில் ‘காஸ்’ என்றும் ஆங்கிலத்தில் ‘கேஷ்’ என்றும் நம் சொல்லே இரண்டு தடவை இருக்கிறது. சென்னைக்கு அவற்றை ஏற்றிவந்த ‘அட்மிரல் கார்ட்னர்’ கப்பல் 1809 ஜனவரியில் இங்கிலாந்தின் கென்ட் கரைக்கு அப்பாலேயே மூழ்கியது. 1980களில் முக்குளிப்போர் அந்தக் காசுகளைக் குவியல் குவியலாக மேலே கொண்டுவந்தார்கள்.