பொய்ச்சான்று சொன்ன கணக்கு

கணக்கு என்பது வெறும் எண்களின் கூட்டம் அன்று. ஒருவர் மற்றொருவர்மேல் வைத்த நம்பிக்கையின் எழுத்து வடிவமே கணக்கு. வேலூருக்குத் தெற்கே, ஜவ்வாது மலையின் அடிவாரத்தில் அமைந்த அமிர்தி போன்ற ஊர்களை எண்ணிப் பாருங்கள். புளியும் தேனும் சாமையும் கொண்டு மலையிலிருந்து இறங்கி வருவோருக்கும் கடைக்காரருக்கும் இடையே நிற்பது ஒரு சிறு குறிப்பேடு. அதில் பிழை நேர்ந்தால் இருவரும் அதே பக்கத்தைப் புரட்டிப் பார்க்கலாம். 'அன்று மழை, நான் வரவே இல்லையே' என்று ஒருவர் நினைவூட்டலாம். எழுதியவர் அடித்துத் திருத்தலாம். ஏட்டுக் கணக்கிலும் வஞ்சனை உண்டு. எழுத்தறியாதோரைக் கடனில் அமிழ்த்திய ஏடுகளை நம் நாட்டு வரலாறு நன்கு அறியும். ஆயினும் அந்த ஏட்டின் பின்னால் ஒரு மனிதர் இருந்தார். அவரைக் கேள்வி கேட்க முடிந்தது.

கேள்வி கேட்க முடியாத கணக்கு ஒன்று தோன்றினால் என்ன நேரும்? இந்த வினாவுக்கு அண்மைக் கால வரலாறு மிகக் கசப்பான விடையைத் தந்திருக்கிறது. அந்த விடை இங்கிலாந்திலிருந்து வருகிறது.

பிரிட்டனில் அஞ்சல் நிலையங்களுள் மிகப் பலவற்றை நடத்துவோர் அரசு ஊழியர் அல்லர். அவர்கள் சிறு வணிகர்கள். சேமிப்பைக் கொட்டி, வீட்டை அடகு வைத்து, ஒரு கடையை வாங்குவார்கள். அதன் ஒரு மூலையில் அஞ்சலக முகப்பை ஒப்பந்த அடிப்படையில் நடத்துவார்கள். அஞ்சல் தலை விற்பதும், முதியோருக்கு ஓய்வூதியம் வழங்குவதும், சேமிப்புப் பணம் வாங்குவதும் அவர்கள் பணி. ஊரில் குருவுக்கும் ஆசிரியருக்கும் அடுத்த மதிப்பு அவர்களுக்கு இருந்தது. இந்தியாவிலிருந்தும் ஆப்பிரிக்காவிலிருந்தும் குடியேறிய நம் நாட்டு வழியினர் பலரும் இத்தொழிலில் ஈடுபட்டிருந்தனர்.

1999ஆம் ஆண்டில் இந்த அஞ்சலகங்களுக்கு 'ஹொரைசன்' என்னும் கணினிக் கணக்கு முறை வரத் தொடங்கியது. ஜப்பானிய நிறுவனமாகிய புஜித்ஸுவுக்கு உரிமையான ஐ.சி.எல். நிறுவனம் அதை உருவாக்கியது. ஏடுகள் மறைந்தன, திரை வந்தது. திரை காட்டும் தொகைக்கும் பெட்டியில் இருக்கும் பணத்திற்கும் வேறுபாடு தோன்றினால், அதை முகவரே தம் பையிலிருந்து ஈடு செய்ய வேண்டும் என்று அஞ்சலக நிறுவனம் ஒப்பந்தத்தைக் காட்டி வற்புறுத்தியது.

வேறுபாடு தோன்றியது, ஒருவருக்கு அன்று, நூற்றுக்கணக்கானோருக்கு. பிழை எப்படிப்பட்டது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டுப் போதும். 2015இல் ஸ்காட்லாந்தின் டால்மெலிங்டன் என்னும் ஊரில், ஒரு கிளைக்கு வந்த 8,000 பவுண்டைப் பெற்றுக்கொண்டதாகப் பதிவு செய்ய ஊழியர் விசையை அழுத்தினார். திரை அசையவில்லை. மீண்டும் மீண்டும் அழுத்தினார். ஒவ்வோர் அழுத்தத்தையும் கணினி தனித்தனி வரவாக எழுதிக்கொண்டது. வந்த பணம் ஒருமுறை, பதிவு நான்குமுறை. வராத 24,000 பவுண்டு, காணாமற்போன பணமாகக் கணக்கில் நின்றது. கள்ளன் எவரும் நுழையவில்லை. ஒரு காசும் களவு போகவில்லை. ஆனால் கணக்கு மட்டும் ஒருவரைக் கள்ளன் என்றது.

டால்மெலிங்டனில் பிழை கண்டறியப்பட்டது. வேறு எத்தனையோ இடங்களில் அது கண்டறியப்படவில்லை. ஹாம்ப்ஷயர் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் கடை நடத்திய ஜோ ஹாமில்ட்டன், 2,000 பவுண்டு குறைகிறதென்று உதவித் தொலைபேசியை அழைத்தார். அவர்கள் சொன்னபடி செய்தபோது, அவர் கண்முன்னே குறை இரட்டிப்பாயிற்று. பிரிட்லிங்டன் ஊரின் லீ காஸில்ட்டன் 91 முறை உதவி கேட்டுத் தொலைபேசினார். இவ்வாறு கேட்ட பலருக்கும் கிடைத்த மறுமொழி ஒன்றே: 'உங்களைத் தவிர வேறு எவருக்கும் இந்தச் சிக்கல் இல்லை.'

இந்த ஒரு வாக்கியத்தை நாம் சற்று நின்று சிந்திக்க வேண்டும். அது பொய், ஆனால் வெறும் பொய் அன்று, ஒரு மனிதரைத் தனிமைச் சிறையில் அடைக்கும் பொய். ஊரில் ஒருவருக்கு மட்டும் கணக்குப் பிழைக்கிறது என்றால், பிழை அவரிடமே இருக்க வேண்டும் என்று அயலார் நினைப்பார். நாளடைவில் அவரே நினைக்கத் தொடங்குவார். கணவன் மனைவியை ஐயுற்றதும், முதலாளி பணியாளரை ஐயுற்றதும் நிகழ்ந்தன. பெற்றோரின் சேமிப்பும் உறவினரின் கடனும் அந்த இல்லாத குறையை அடைக்கப் போயின.

சட்டமும் அவ்வேளையில் கைவிட்டது. இங்கிலாந்தில் 1984ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, கணினி தரும் சான்றை நீதிமன்றத்தில் வைப்போர் அது முறையாக இயங்கியது என்று காட்ட வேண்டும் என விதித்திருந்தது. நடைமுறைக்கு இடையூறு என்று 1999இல் அந்த விதி நீக்கப்பட்டது. அதன்பின், பிழை இருக்கிறது என்று எவரும் காட்டாதவரை கணினி சரியாகவே இயங்கியது என்பது நீதிமன்றத்தின் ஊகமாயிற்று. பிழையைக் காட்ட வேண்டியவர் ஒரு சிற்றூர்க் கடைக்காரர். அதற்கான பதிவுகள் எல்லாம் எதிர்த்தரப்பின் கையில். மேலும், பிரிட்டிஷ் அஞ்சலக நிறுவனத்திற்குத் தானே புலனாய்ந்து தானே வழக்குத் தொடுக்கும் பழைய வழக்கம் இருந்தது. இழப்புக்கு உரியவரும் புலனாய்வாளரும் வழக்குத் தொடுப்பவரும் ஒருவரே ஆயினர்.

1999க்கும் 2015க்கும் இடையில் 900க்கும் மேற்பட்டோர் இக்கணக்கின் சான்றால் குற்றவாளிகள் எனத் தீர்க்கப்பட்டனர். அவர்களுள் ஏறத்தாழ 700 பேர்மீது வழக்குத் தொடுத்தது அஞ்சலக நிறுவனமே. 236 பேர் சிறை சென்றனர். களவுக் குற்றத்தைக் கைவிடுகிறோம், பொய்க்கணக்கு எழுதியதாக ஒப்புக்கொள்ளுங்கள் என்ற பேரத்திற்குப் பலர் உடன்பட்டனர். சிறைக்கு அஞ்சிச் செய்யாத குற்றத்தை ஏற்ற அவர்களுள் ஜோ ஹாமில்ட்டனும் ஒருவர். 36,000 பவுண்டு குறைந்ததாகச் சொல்லப்பட்ட அவருக்காக, 2008இல் தீர்ப்பு நாளன்று ஊர்மக்கள் திரளாக நீதிமன்றம் வந்து நின்றனர். பணமும் திரட்டிக் கொடுத்தனர். எந்திரத்தின் சான்றைவிடத் தங்கள் அயலாரின் வாழ்வே பெரிய சான்று என்று அந்த எளிய மக்கள் கருதினர். நீதிமன்றம் காணாததை ஊர் கண்டது.

எல்லாருக்கும் அத்தகைய ஊர் வாய்க்கவில்லை. வேல்ஸ் நாட்டு ஆங்கில்சி தீவின் நோயல் தாமஸ், 40 ஆண்டுகளுக்கும் மேலாக அஞ்சல் பணியாற்றியவர். 2006இல் ஒன்பது மாதச் சிறைத்தண்டனை பெற்று, தம் அறுபதாம் பிறந்த நாளைச் சிறைக்குள் கழித்தார். லீ காஸில்ட்டன் வழக்கறிஞர் வைக்க வழியின்றித் தாமே வாதாடினார். ஏறத்தாழ 25,000 பவுண்டுக்கான அவ்வழக்கில் 2007இல் தோற்று, எதிர்த்தரப்பின் செலவாக 3,21,000 பவுண்டு சுமத்தப்பட்டுத் திவாலானார். இந்திய வழியினரான சீமா மிஸ்ரா, 74,000 பவுண்டு திருடியதாகக் குற்றம் சாட்டப்பட்டு, 2010 நவம்பரில் பதினைந்து மாதச் சிறைத்தண்டனை பெற்றார். அன்று அவருடைய மூத்த மகனுக்குப் பத்தாம் பிறந்த நாள்; அவர் வயிற்றில் இரண்டாம் பிள்ளை வளர்ந்துகொண்டிருந்தது. அந்தக் கரு மட்டும் இல்லாதிருந்தால் உயிரை மாய்த்துக்கொண்டிருப்பேன் என்று அவர் பின்னாளில் கூறினார்.

உண்மை எவ்வாறு வெளிவந்தது? வேல்ஸ் கடற்கரை ஊரான லாண்டட்னோவில் அஞ்சலகம் நடத்திய ஆலன் பேட்ஸ், தமக்கு விளங்காத குறையைத் தமது என்று ஏற்க மறுத்தார். 2003இல் அவருடைய ஒப்பந்தம் முறிக்கப்பட்டது. அவர் ஓயவில்லை. 2009 மே மாதத்தில் 'கம்ப்யூட்டர் வீக்லி' இதழ் முகவர்கள் எழுவரின் துன்பத்தை வெளியிட்டது. அவ்வாண்டு நவம்பரில், நாட்டின் நடுப்பகுதியிலுள்ள பென்னி காம்ப்ட்டன் என்ற சிற்றூரின் பொது மண்டபத்தில் பாதிக்கப்பட்டோர் முதன்முறை ஒன்றுகூடினர். 'உங்களைத் தவிர எவருமில்லை' என்ற பொய் அந்த மண்டபத்தில்தான் உடைந்தது.

2013இலேயே, புஜித்ஸுவின் நிபுணர் சாட்சி தாம் அறிந்த பிழைகளை நீதிமன்றத்திற்கு வெளிப்படுத்தவில்லை என்று அஞ்சலக நிறுவனத்தின் வழக்கறிஞரே எழுத்தில் எச்சரித்தார். ஆயினும் நிறுவனம் தன் எந்திரத்தைத் தொடர்ந்து காத்தது. முகவருக்குத் தெரியாமல் தொலைவிலிருந்து எவரும் கிளைக் கணக்கைத் தொட முடியாது என்று பல ஆண்டுகள் சொல்லி வந்தது. முடியும் என்பது பின்னர் வெளிப்பட்டது. 555 பேர் சேர்ந்து தொடுத்த வழக்கில் 2019 டிசம்பரில் நீதிபதி பிரேசர் தீர்ப்பு வழங்கினார். எந்திரத்தில் பிழையே இல்லை என்ற நிறுவனத்தின் பிடிவாதத்தை, பூமி தட்டையானது என்று சாதிப்பதற்கு அவர் ஒப்பிட்டார். அவ்வழக்கில் 5 கோடியே 77 லட்சத்து 50 ஆயிரம் பவுண்டுக்கு இணக்கம் ஏற்பட்டது. ஆனால் வழக்குச் செலவு போக ஆளுக்கு ஏறத்தாழ 20,000 பவுண்டே மிஞ்சியது. 2021 ஏப்ரல் 23 அன்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 39 பேரின் தண்டனைத் தீர்ப்புகளை நீக்கியது. ஹாமில்ட்டன், தாமஸ், மிஸ்ரா மூவரும் அதில் அடங்குவர். 2024 ஜனவரியில் ஒளிபரப்பான தொலைக்காட்சி நாடகம் ஒன்று நாட்டின் மனச்சான்றை உலுக்க, அவ்வாண்டு மே மாதம் பாராளுமன்றம் எஞ்சியோரின் தீர்ப்புகளையும் சட்டத்தினாலேயே நீக்கியது. 2025 நடுப்பகுதிக்குள் இழப்பீடு நூறு கோடி பவுண்டைக் கடந்தது.

இழப்பீடு எட்ட முடியாத இடம் ஒன்று உண்டு. நீதிபதி வின் வில்லியம்ஸ் தலைமையிலான விசாரணைக் குழு 2025 ஜூலையில் தன் அறிக்கையின் முதற்பகுதியை வெளியிட்டது. குறைந்தது 13 பேரின் தற்கொலைக்கு இத்துயரம் காரணமாக இருந்திருக்கலாம் என்று அது கூறுகிறது. மேலும் 59 பேர் அத்தகைய எண்ணத்திற்கு ஆளாயினர். அவர்களுள் பத்துப் பேர் முயன்றும் பார்த்தனர். இவை எண்கள் அல்ல. ஒவ்வொன்றின் பின்னும் ஓர் அடுப்பங்கரையும், விடையின்றி நின்ற பிள்ளைகளும் உண்டு.

இத்தனை நீண்ட அநீதி கொடியவர்கள் சிலரின் கைவேலை மட்டுமோ? அப்படி எண்ணினால் நமக்கு ஆறுதலாக இருக்கும். ஆனால் அது முழு உண்மை ஆகாது. 2012 முதல் 2019 வரை அந்நிறுவனத்தின் தலைமைப் பொறுப்பில் இருந்தவர் ஆங்கிலிக்கன் சபையில் திருநிலைப்படுத்தப்பட்ட ஒரு குரு. கண்ணியமானோர் பலர் அங்கே பணியாற்றினர். தனி மனிதரின் பக்தி, நிறுவனம் ஒன்று தன் பெயரைக் காக்கத் துணியும்போது தானாகவே தடையாக எழுந்து நிற்பதில்லை. ஒவ்வொருவரும் தம் பணியைச் செய்தனர், மேலிருப்பவரை நம்பினர், எந்திரத்தை நம்பினர். எவரும் நம்பாமற் போனது எதிரே கண்ணீருடன் நின்ற மனிதரை மட்டுமே. எந்திரத்தின் பிழை அறியாமையால் நேர்ந்தது; மனிதரை நம்பாத பிழையோ அறிந்தே தொடர்ந்தது. இரண்டாவதே பெரிய பிழை என்போம்.

இது நமக்குத் தொலைதூரக் கதை அன்று. நம் நாட்டில் 1 லட்சத்து 29 ஆயிரம் ஊரகக் கிளை அஞ்சலகங்களுக்குக் கைக்கணினி வழங்கும் திட்டம் 2017 டிசம்பரில் தொடங்கப்பட்டது. அவ்வாண்டு ஜூலையிலிருந்து சரக்கு சேவை வரிக் கணக்கு இணையத்தின் வழியே நடைபெறுகிறது. 63,000 தொடக்க வேளாண் கூட்டுறவுச் சங்கங்களைக் கணினிமயமாக்க 2022இல் ஒன்றிய அரசு ஒப்புதல் அளித்தது. இவை பயனுள்ளவையே, மலைக்கு மேலிருப்பவர் ஒரு தொகைக்காக நகரம் வரை நடக்கும் துன்பத்தைக் குறைப்பவையே. நம் சான்றுச் சட்டமும், 2000ஆம் ஆண்டு முதல், மின்னணுப் பதிவுக்குப் பொறுப்பாளரின் சான்றிதழை வேண்டுகிறது. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டமும் அதை விடவில்லை. ஆனால் சான்றிதழில் இடும் கையெழுத்து சடங்காகிவிட்டால், சட்டம் ஏட்டில் மட்டுமே இருக்கும்.

ஆகவே சிறு வணிகரும் கிளை அஞ்சலகப் பணியாளரும் சங்கச் செயலரும் சிலவற்றை மனத்தில் இருத்த வேண்டும். நாள்தோறும் தம் கைப்பட ஒரு குறிப்பேடு எழுதுவது பழமை அன்று, பாதுகாப்பு. விளங்காத தொகைக்குக் கையெழுத்திடும் முன் எதிர்ப்பை எழுத்தில் பதிய வேண்டும். 'உமக்கு மட்டுமே' என்று சொல்லப்படும்போது, அதே தொழிலில் உள்ள மற்றவரைத் தேடிக் கேட்க வேண்டும். நாமோ, அயலார்மேல் ஒரு கணக்குக் குற்றம் சாட்டும் நாளில், அவருடைய கடைவாசலைத் தவிர்த்துச் சுற்றுவழியில் நடப்போமா, நீதிமன்ற வாசல் வரை உடன் செல்வோமா என்பதை இன்றே முடிவு செய்ய வேண்டும்.

கணினி பொய் சொல்வதில்லை என்பார்கள். அது மெய்யும் சொல்வதில்லை. இட்டதைச் சொல்கிறது, சிலவேளை இடாததையும் சொல்கிறது. மெய்யா பொய்யா என்று தேர்ந்து அறியும் கடமையை எந்த எந்திரத்திடமும் நாம் ஒப்படைத்துவிட முடியாது. ஒரு மனிதரின் நற்பெயர், கூட்டல் கழித்தலின் விடையாக இருத்தல் ஆகாது.